ஆம்பூருக்கு எத்தனை கிலோமீட்டர்? வேகம், நேரம், தூரம் கணக்கை எந்த வழியில் போடுவது

முதலில் ஒரு கணக்கு. வேலூரில் குடியிருக்கும் ஒருவர் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார். பைக்கில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால் 10 நிமிடம் தாமதம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போனால் 5 நிமிடம் முன்னதாகவே போய்விடுகிறார். தொழிற்சாலை எவ்வளவு தூரம்?

விடை 50 கி.மீ. அந்தச் சாலையில் தினமும் போய்வருகிறவர் கணக்குப் போடாமலே சொல்லிவிடுவார். மற்றவர்களுக்கு இந்த விடைக்குப் போக ஐந்து வழி இருக்கிறது: சமன்பாடு, விகிதம், மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு), தயார் சூத்திரம், ஆப்ஷனை வைத்துச் சோதிப்பது. பள்ளியில் ஒன்று, பயிற்சி மையத்தில் ஒன்று, யூடியூபில் ஒன்று என்று ஐந்தையும் அரைகுறையாகத் தெரிந்துவைத்துக்கொண்டு, தேர்வறையில் எதில் தொடங்குவது என்று விழிப்பவர்கள்தான் அதிகம்.

நேரக்கணக்கையும் பார்த்துவிடலாம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 3 மணி நேரத்தில் 200 கேள்விகள். ரயில்வே என்டிபிசி (தொழில்நுட்பம் சாராத பணிகள்) முதல்கட்டத் தேர்வில் 90 நிமிடத்தில் 100 கேள்விகள். இரண்டையும் வகுத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு வருவது அதே 54 விநாடி. குரூப் 4-இல் தமிழ்க் கேள்விகளை வேகமாக முடித்து மிச்சம் பிடிக்கலாம். ரயில்வே தேர்வில் அந்த வசதி குறைவு, போதாததற்குத் தப்பு விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வோ வேறு உலகம். அங்கே படிகளுக்குத்தான் மதிப்பெண். ஆகவே எந்த வழி நல்லது என்பதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது.

ஒரே கணக்கு, ஐந்து வழி

சமன்பாட்டில் தூரத்தை 'த' என்று வைத்துக்கொள்கிறோம். 40-இல் போக ஆகும் நேரம் த/40 மணி. 50-இல் த/50 மணி. 10 நிமிடத் தாமதத்துக்கும் 5 நிமிட முன்வரவுக்கும் இடையே 15 நிமிடம்.

த/40 − த/50 = 15/60
(5த − 4த)/200 = 1/4
த = 50

வழி சுத்தமானது. ஆனால் இரண்டு இடத்தில் கால் இடறும். முதலாவது, 10-இலிருந்து 5-ஐக் கழித்து 5 நிமிடம் என்று எடுப்பது. ஒன்று குறித்த நேரத்துக்குப் பின்னால், இன்னொன்று முன்னால். எதிரெதிர்ப் பக்கம் என்பதால் கூட்ட வேண்டும். இரண்டு வேகத்திலும் தாமதம் என்று கேள்வி சொன்னால் மட்டுமே கழித்தல். தப்பாகக் கழித்தால் விடை 16.67 என்று இழுக்கும். இந்த வகைக் கேள்வியில் அப்படி ஒரு பின்னம் வந்தாலே திரும்பிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, 15 நிமிடத்தை மணியாக மாற்றாமல் விடுவது. அப்போது விடை 3000 கி.மீ. வரும். வேலூரில் கிளம்பி டெல்லியையும் தாண்டி வேலைக்குப் போகிற ஆளாகிவிடுவார்.

தெரியாத எண்ணாக எதை வைப்பது என்பதிலும் சூட்சுமம் உண்டு. குறித்த நேரத்தை 'நே' என்று வைத்தால் 40(நே + 1/6) = 50(நே − 1/12) என்று வரும். விடை கிடைக்கும், ஆனால் பின்னங்களோடு மல்லுக்கட்ட வேண்டும். எது மாறாமல் இருக்கிறதோ அதைத் தெரியாத எண்ணாக வைத்தால் பாதி வேலை குறையும். இங்கே மாறாதது தூரம்.

விகித வழியில் 'த'வே வேண்டாம். வேகங்கள் 40 : 50, அதாவது 4 : 5. தூரம் ஒன்றே என்பதால் நேரங்கள் தலைகீழாக 5 : 4. இரண்டுக்கும் வித்தியாசம் 1 பங்கு, அது 15 நிமிடம். ஆகவே 5 பங்கு 75 நிமிடம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 75 நிமிடம் போனால் 50 கி.மீ. பழகியவர்கள் மனதிலேயே முடித்துவிடுவார்கள். நிமிடம் கடைசி வரை நிமிடமாகவே இருப்பதால் மணிக்கு மாற்றும் தப்புக்கு ஒரே ஓர் இடம்தான், கடைசி வரியில். இங்கே வரும் பிழை வேறு மாதிரி: அவசரத்தில் நேரத்தையும் 4 : 5 என்றே எழுதிவிடுவது. அதனால் வேக விகிதத்தின் கீழே நேர விகிதத்தை உடனே தலைகீழாக எழுதிவிட வேண்டும், மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது.

மீ.சி.ம. வழி தூரத்தை நாமே நிர்ணயிப்பது. 40-க்கும் 50-க்கும் மீச்சிறு பொது மடங்கு 200. தூரம் 200 கி.மீ. என்று வைத்தால் 5 மணி, 4 மணி. வித்தியாசம் 60 நிமிடம். கணக்கில் இருப்பது 15 நிமிடம், கால் பங்கு. ஆகவே 200-இல் கால் பங்கு 50.

சூத்திரம்: வேகங்களின் பெருக்கல் ÷ வேகங்களின் வித்தியாசம் × நேர வித்தியாசம். 2000 ÷ 10 × 1/4 = 50. ஒரே வரி. சமன்பாட்டை ஒருவர் ஏற்கெனவே தீர்த்து வைத்த கடைசி வரிதான் இது.

ஆப்ஷன் வழியில், கொடுத்த விடைகள் 40, 45, 50, 60 என்று வைத்துக்கொள்வோம். 40-ஐ எடுத்தால் 60 நிமிடம், 48 நிமிடம், வித்தியாசம் 12. நமக்கு வேண்டியது 15. பலர் இங்கிருந்து அடுத்த ஆப்ஷனுக்குப் போய்ச் சோதிப்பார்கள். அது வீண். தூரம் கூடுகிற அதே விகிதத்தில் வித்தியாசமும் கூடும்; 40 × 15/12 = 50. ஒரு சோதனை போதும். கூர்ந்து பார்த்தால் மீ.சி.ம. வழியும் இதுவும் ஒன்றே: ஒரு தூரத்தை நினைத்துக்கொள், பிறகு அளவைச் சரிசெய். 200 நாம் நினைத்தது, 40 கேள்வித்தாள் நினைத்தது.

இந்த அளவு சரிசெய்யும் உத்தி ஒரே இடத்தில் கவிழும். வழியில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் 10 நிமிடம் நின்றார் என்று கேள்வியில் ஒரு வரி சேர்ந்தால், அந்த 10 நிமிடம் தூரத்தோடு சேர்ந்து கூடாது, குறையாது. நின்ற நேரத்தை முதலிலேயே கழித்து ஒதுக்கிவிட்டுத்தான் விகிதமோ மீ.சி.ம.வோ தொட வேண்டும்.

கேள்வி கொஞ்சம் திரும்பினால்

மேலே உள்ள கணக்கில் ஐந்து வழியும் ஏறக்குறைய சமம்தான். வித்தியாசம் தெரிவது கேள்வி வேடம் மாற்றும்போது.

'வழக்கமான வேகத்தில் முக்கால் பங்கில் போனதால் 20 நிமிடம் தாமதம். வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும்?' இங்கே வேகமும் இல்லை, தூரமும் இல்லை. மேலே சொன்ன சூத்திரத்தில் போட அந்த 20 நிமிடத்தைத் தவிர ஓர் எண்கூடக் கிடைக்காது. விகிதத்தில் வேகம் 3 : 4, நேரம் 4 : 3, ஒரு பங்கு 20 நிமிடம், வழக்கமான நேரம் 3 பங்கு, 60 நிமிடம். மூன்று பங்கா நான்கு பங்கா என்பதில்தான் கவனம் வேண்டும்: கேட்டது வழக்கமான நேரம், 80 என்று எழுதினால் தாமதமான நாளின் நேரம். இரண்டுமே ஆப்ஷனில் இருக்கும், கேள்வி அமைப்பவர் அதை மறக்கவே மாட்டார்.

இன்னும் கடினமான ஒன்று. வேலூரிலிருந்து சென்னைக்கு 140 கி.மீ. என்று கொள்வோம். பேருந்து ஒன்று சிறிது தூரம் போனதும் இன்ஜின் கோளாறு. அதன்பின் வழக்கமான வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கில்தான் ஓடுகிறது. 30 நிமிடம் தாமதமாகச் சேர்கிறது. கோளாறு இன்னும் 36 கி.மீ. தள்ளி நடந்திருந்தால் தாமதம் 21 நிமிடம்தான். வழக்கமான வேகம் என்ன, கோளாறு எங்கே நடந்தது?

சமன்பாட்டில் போட்டால் இரண்டு தெரியாத எண்கள், இரண்டு சமன்பாடுகள், அரைப்பக்கம். தெரிந்தவர்களே ஒரு குறியைத் தவறவிடுவார்கள். விகிதத்தில் ஒரே கேள்வி கேட்டால் போதும்: தாமதம் 30-இலிருந்து 21 ஆனது எதனால்? அந்த 36 கி.மீ.யை முழு வேகத்தில் கடந்ததால். ஆக, 36 கி.மீ.க்கு மெதுவான நேரமும் வழக்கமான நேரமும் 5 : 4, வித்தியாசம் 9 நிமிடம், ஒரு பங்கு 9. வழக்கமான நேரம் 36 நிமிடம். 36 கி.மீ.க்கு 36 நிமிடம் என்றால் மணிக்கு 60 கி.மீ. அடுத்து, மொத்தத் தாமதம் 30 நிமிடம் அதே ஒரு பங்கு; மீதித் தூரத்துக்கு வழக்கமான நேரம் 4 பங்கு, 120 நிமிடம், 120 கி.மீ. ஆகவே வேலூரிலிருந்து 20 கி.மீ.யில் கோளாறு. சரிபார்ப்பு: 120 கி.மீ.யை 48-இல் ஓட இரண்டரை மணி, 60-இல் இரண்டு மணி, வித்தியாசம் அரைமணி.

இந்த ஒரு கணக்குக்காகவே விகித வழியைப் படிக்கலாம். 'தூரம் ஒன்று, வேகம் இரண்டு' என்ற அமைப்பு எங்கே மறைந்திருந்தாலும் அது பிடித்துவிடும்.

எல்லாவற்றுக்கும் விகிதமே என்றும் போகக் கூடாது. காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயில் பாதையில் சுமார் 130 கி.மீ. காட்பாடியில் காலை 6 மணிக்கு ஒரு ரயில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சென்னை நோக்கிக் கிளம்புகிறது. சென்னையிலிருந்து 6.30-க்கு ஒரு சரக்கு ரயில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் காட்பாடி நோக்கி வருகிறது. எங்கே சந்திக்கும்? வேக விகிதம் 3 : 2 என்று பார்த்ததும் 130-ஐ 78, 52 என்று பிரிப்பவர்கள் உண்டு. அப்படியே ஆப்ஷனிலும் 78 இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பியிருந்தால்தான் அந்தப் பிரிப்பு செல்லும்.

இங்கே ஒரு கோடு போடுவதே நல்ல வழி. இடது முனை காட்பாடி, வலது முனை சென்னை, நடுவே 130. முதலில் கிளம்பிய ரயிலை 6.30 வரை நகர்த்துங்கள்: 30 கி.மீ. மீதி 100. இப்போது இரண்டும் ஒரே நேரத்தில் நகர்கின்றன, எதிரெதிரே. வேகங்களைக் கூட்டினால் 100. ஒரு மணி நேரம். 7.30-க்குச் சந்திப்பு, காட்பாடியிலிருந்து 30 + 60 = 90 கி.மீ. சென்னையிலிருந்து பார்த்தால் 40, திருவள்ளூருக்குப் பக்கம். சமன்பாட்டிலும் இது கஷ்டமில்லை: 60நே + 40(நே − 1/2) = 130, நே = 1.5. அரைமணியைக் கூட்டுவதா கழிப்பதா என்ற ஐயம் வருகிறவர்களுக்குக் கோடு அந்த ஐயத்தைத் தீர்த்துவிடும்.

ஒரே திசையில் துரத்தும் கணக்கும் இப்படியே, வேகங்களைக் கழிக்க வேண்டும். இடைவெளி ÷ வேக வித்தியாசம். அவ்வளவுதான்.

இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ரயில் கணக்கு புதிதாக இருக்கக் கூடாது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையே 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்டதுதான்.

சராசரி வேகத்தில் சூத்திரத்தின் இடம்

வேலூரிலிருந்து குடியாத்தத்துக்கு மணிக்கு 30 கி.மீ., திரும்பும்போது 60. சராசரி 45 என்று சொல்லாதவர்கள் குறைவு. சரியான விடை 40. மெதுவாகப் போன பாதியில்தான் அதிக நேரம் செலவாகிறது, அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. சூத்திரம் 2 × 30 × 60 ÷ 90. இதை மனப்பாடம் செய்வதில் தப்பில்லை, ஆனால் பக்கத்திலேயே 'தூரம் சமம் என்றால் மட்டும்' என்று எழுதிவைக்க வேண்டும். 'முதல் ஒரு மணி நேரம் 30, அடுத்த ஒரு மணி நேரம் 60' என்று நேரம் சமமாக இருந்தால் 45-தான் சரி. தேர்வில் 'பாதித் தூரம்' என்ற சொல்லும் 'பாதி நேரம்' என்ற சொல்லும் மாறி மாறி வருவது இதற்காகத்தான்.

மூன்று சம பகுதிகள் 20, 30, 60 வேகத்தில் என்றால் அதற்கும் ஒரு நீளமான சூத்திரம் உண்டு. வேண்டாம். ஒவ்வொரு பகுதியும் மீ.சி.ம. 60 கி.மீ. என்று வைத்தால் 3, 2, 1 மணி. மொத்தம் 180 கி.மீ., 6 மணி, சராசரி 30. மீ.சி.ம. வழி மற்ற எல்லா வழியையும் தெளிவாக முந்துவது இந்த இடத்தில்தான்.

மனப்பாடம் செய்யத் தகுந்தவை எங்கள் கணக்கில் மூன்று. மேலே சொன்ன, இரண்டு சம தூரங்களுக்கான சராசரிச் சூத்திரம் ஒன்று. இரண்டு, கி.மீ./மணியை மீட்டர்/விநாடி ஆக்கும் 5/18. இதைப் பெருக்கிக்கொண்டிருக்காமல் 18-இன் மடங்குகளாகவே பாடம் செய்வது நல்லது: 18-க்கு 5, 36-க்கு 10, 54-க்கு 15, 72-க்கு 20, 90-க்கு 25, 108-க்கு 30. ரயில் நீளக் கணக்குகளில் பெரும்பாலும் இந்த எண்கள்தான் வரும். மூன்று, எதிரெதிரே வந்து சந்தித்த பிறகு ஒரு ரயில் 4 மணி நேரத்திலும் இன்னொன்று 9 மணி நேரத்திலும் போய்ச் சேர்ந்தால் வேக விகிதம் தலைகீழ் வர்க்கமூலம், 3 : 2. இதைத் தேர்வறையில் வருவிக்க நேரம் ஆகும், அதனால் பாடம் செய்யலாம். ஒரே நேரத்தில் கிளம்பினால் மட்டுமே இது பொருந்தும்.

மற்ற 'ஷார்ட்கட்'களை விட்டுவிடலாம். இருபது சூத்திரம் பாடம் செய்தவர்களுக்குக் கணக்கு தெரியாமல் போவதில்லை. எந்தச் சூத்திரத்துக்கு எந்த நிபந்தனை என்பதுதான் குழம்பிப்போகிறது.

ரயில் நடைமேடையைக் கடப்பதற்குச் சூத்திரமே தேவையில்லை. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகும் ரயில், நிற்கும் ஆளை 18 விநாடியிலும் நடைமேடையை 42 விநாடியிலும் கடக்கிறது. கூடுதலான 24 விநாடி நடைமேடைக்கானது, 24 × 20 = 480 மீட்டர். ரயிலின் நீளம் 18 × 20 = 360 மீட்டர். எல்எச்பி பெட்டி (புதிய வகைப் பயணிகள் ரயில் பெட்டி) ஒன்று ஏறக்குறைய 24 மீட்டர் என்பது நினைவிருந்தால் 15 பெட்டி நீளம், நம்பத்தகுந்த விடை. 36 மீட்டர் என்றோ 3600 மீட்டர் என்றோ வந்திருந்தால் அலகு மாற்றத்தில் கோட்டை விட்டிருக்கிறோம்.

படகுக் கணக்கும் கூட்டல் கழித்தல்தான். நீரோட்டத்தோடு போனால் கூட்டு, எதிர்த்தால் கழி. பிறகு விகிதமே போதும். பாலாற்றை மனதில் வைத்துக்கொண்டு போடாதீர்கள், பெரும்பாலான மாதங்களில் படகு மணலில்தான் நிற்கும்.

சமன்பாடு கட்டாயமாகும் இடம்

காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை 84 கி.மீ. ஒரு ரயில் தன் வேகத்தை மணிக்கு 14 கி.மீ. கூட்டினால் அரைமணி மிச்சமாகிறது. முதல் வேகம் என்ன? இங்கே வேக வித்தியாசம் தெரியும், விகிதம் தெரியாது. விகித வழி வாசலிலேயே நின்றுவிடும்.

84/வே − 84/(வே + 14) = 1/2
வே(வே + 14) = 2352
வே² + 14வே − 2352 = 0
(வே + 56)(வே − 42) = 0

வேகம் குறை எண்ணாக இருக்க முடியாது, ஆகவே 42. பத்தாம் வகுப்பு மாணவர் இந்த நான்கு வரியையும், −56-ஐ ஏன் விட்டோம் என்ற வாக்கியத்தையும், கடைசியில் 'கி.மீ./மணி' என்ற அலகையும் எழுதியே தீர வேண்டும். விடை மட்டும் எழுதினால் முழு மதிப்பெண் வராது. போட்டித் தேர்வர் இரண்டாவது வரியோடு நிறுத்திக்கொள்ளலாம்: 14 வித்தியாசமுள்ள இரண்டு எண்கள், பெருக்கினால் 2352. ஆப்ஷனில் 36, 40, 42, 48 இருந்தால் 84-ஐ மீதியின்றி வகுப்பது 42 மட்டும். 2 மணி, பிறகு 56-இல் ஒன்றரை மணி. முடிந்தது.

யாருக்கு எது

பத்தாம் வகுப்பு மாணவருக்குச் சமன்பாடுதான் முதல் வழி. விகிதத்தை ஓரத்தில் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளலாம். 'வேகம், நேரம், தூரம்' என்று மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி நிரப்பிய பிறகே சமன்பாடு எழுதும் பழக்கம் இருந்தால் பாதித் தப்புகள் வராது.

ரயில்வே தேர்வுக்குப் படிப்பவருக்கு விகிதம் முதலில், சராசரிக்கு மீ.சி.ம., இரண்டு ரயில் சந்திப்புக்குக் கோடு, வேக வித்தியாசக் கேள்விக்கு ஆப்ஷன். கழிவு மதிப்பெண் இருப்பதால் ஆப்ஷன் சோதனையை ஊகத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டு நேரத்தையும் கணக்கிட்டுப் பார்த்தால்தான் அது சோதனை.

குரூப் 4 எழுதுகிறவருக்கு ஒரு கூடுதல் காரணத்தால் விகிதமும் மீ.சி.ம.வும் லாபம். திறனறிவுப் பகுதிக்கு 25 கேள்விகள். அதில் 'காலம் மற்றும் வேலை' கட்டாயம் படிக்க வேண்டிய தலைப்பு. 12 நாளில் முடிப்பவர், 15 நாளில் முடிப்பவர் என்றால் மொத்த வேலை 60 பங்கு, ஒருவர் நாளுக்கு 5 பங்கு, மற்றவர் 4, சேர்ந்தால் 60/9 நாள். தூரத்துக்குப் பதில் வேலை, வேகத்துக்குப் பதில் நாள்பங்கு. ஒருமுறை கற்றது இரண்டு தலைப்புக்கும் ஆகும். தேர்வுக்கு ஒரு மாதமே இருக்கிறது என்றால் முதல் இரண்டு வாரம் விகிதத்தைத் தவிர வேறு எதையும் தொட வேண்டாம்.

பழகும் முறை: ஒரு நாளுக்குப் பத்துக் கணக்கு எடுத்து, எதையும் போடாமல், ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'தூரம் சமம்', 'நேரம் சமம்', 'இருவர் நகர்கிறார்கள்', 'எதுவும் சமமில்லை' என்று மட்டும் எழுதுங்கள். முதல் குறிப்பு விழுந்தால் விகிதம் அல்லது மீ.சி.ம. இரண்டாவது என்றால் சாதாரணச் சராசரி. மூன்றாவதுக்குக் கோடு. நான்காவதுக்குக் கட்டம் போட்டுச் சமன்பாடு. பத்துக்கும் குறிப்பு எழுதிய பிறகுதான் பேனாவைக் கணக்கில் வைக்க வேண்டும்.